கண்ணீரும் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

இயற்பியல் படிக்கும் எங்களுக்குக் கெப்ளர் என்றால் மூன்று விதிகள். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம். தேர்வில் ஐந்து மதிப்பெண். கோள்கள் நீள்வட்டப் பாதையில் கதிரவனைச் சுற்றுகின்றன என்பது முதல் விதி. கதிரவனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலங்களில் சம பரப்புகளைக் கடக்கிறது என்பது இரண்டாவது. சுற்றுக் காலத்தின் வர்க்கம் சராசரித் தொலைவின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பது மூன்றாவது. முதலாண்டில் நானும் இவற்றை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், அவருக்கு ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் அழுகை ஓயாமல் இருந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் எங்கள் பேராசிரியர் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு செய்தி சொன்னார். தம் பெண் குழந்தையை அடக்கம் செய்த மூன்று மாதங்களில் கெப்ளர் இந்த விதியைக் கண்டறிந்தார் என்பதே அச்செய்தி. மணி அடித்தது, எல்லோரும் எழுந்து சென்றனர். எனக்கு மட்டும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது என் தம்பி காய்ச்சலில் இறந்து போனான். எங்கள் வீடு ஜெபம் நிறைந்த வீடு. அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே அவனுக்காக ஜெபித்தார்கள். அவன் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த நான்காம் நாள் அம்மா மறுபடியும் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வழக்கம்போல ஜெபமும் செய்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிகிறது என்று மனத்துக்குள் வெகுண்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கேட்டும் கிடைக்காத இடத்தில் மறுபடியும் போய் நிற்பது எதற்கு என்பது என் கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் கெப்ளரின் வாழ்க்கையை நூலகங்களில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை என் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நலிந்த உடல், ஏழ்மை வீடு

ஜோஹன்னஸ் கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், இன்றைய ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள வைல் என்னும் சிற்றூரில் பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த நோஞ்சான் குழந்தை. தந்தை கூலிக்குப் போர் புரியும் படைவீரர். அடிக்கடி வீட்டை விட்டுப் போய்விடுவார். கெப்ளர் இளைஞராகும் முன்பே ஒருநாள் போனவர் திரும்பி வரவே இல்லை. தாய் காத்தரினா விடுதி நடத்தியவரின் மகள். மூலிகை மருத்துவம் அறிந்தவர். சிறு வயதிலேயே பெரியம்மை கண்டு, கெப்ளரின் பார்வை மங்கியது, கைகளும் பாதிக்கப்பட்டன. வானத்தை ஆராயப் பிறந்தவருக்கு வானத்தைத் தெளிவாகப் பார்க்கும் கண் இல்லாமற் போனது.

ஆயினும் வானம் அவரை அழைத்துக்கொண்டே இருந்தது. 1577ஆம் ஆண்டு தோன்றிய பெரிய வால்மீனைக் காட்ட அவருடைய தாய் ஆறு வயதுச் சிறுவனை உயரமான ஓரிடத்துக்கு அழைத்துச் சென்றார். எழுத்தறிவு இல்லாத அந்தத் தாய் காட்டிய வானம் அவர் நெஞ்சில் நிலைத்துவிட்டது. இதை நான் இங்கே குறிப்பதற்குக் காரணம், இதே தாயைப் பின்னாளில் அவர் எப்படிக் காத்தார் என்பதை நாம் பார்க்கப் போகிறோம்.

ஏழைப் பிள்ளையானாலும் அவர் படிக்க முடிந்தது. லூத்தரன் சமயத்தைத் தழுவியிருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டுக் கோமகன்கள், அறிவுடைய ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் போதகர்களாக ஆக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தனர். அதன் பயனாகக் கெப்ளர் 1589இல் டூபிங்கன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். உதவித்தொகையால் படிக்கும் நம்மில் பலருக்கு இது நெருக்கமான செய்தி. அங்கே மேஸ்ட்லின் என்னும் ஆசிரியர் கதிரவனே நடுவில் உள்ளது என்ற கோப்பர்னிக்கஸின் கொள்கையை அவருக்கு அறிமுகம் செய்தார். ஆனால் கெப்ளரின் ஆசை வானவியல் அன்று. போதகராக வேண்டும், பிரசங்கம் செய்ய வேண்டும் என்பதே.

அந்த ஆசை நிறைவேறவில்லை. 1594இல், இறையியல் படிப்பு முடியும் தறுவாயில், கிராட்ஸ் நகரப் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அவரை அனுப்பிவிட்டார்கள். மனம் உடைந்துதான் போனார். ஆனால் போன இடத்தில் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. கடவுள் இரண்டு நூல்களை எழுதியிருக்கிறார். ஒன்று வேதம், மற்றொன்று இயற்கை. இயற்கை என்னும் நூலைப் படித்துச் சொல்வதும் ஒரு குருத்துவப் பணியே என்று அவர் முடிவு செய்தார். உலகைப் படைத்தவர் அளவும் எண்ணும் வைத்துப் படைத்திருக்கிறார்; அதை அறியும் ஆற்றலை மனிதனுக்கும் தந்திருக்கிறார் என்பது அவருடைய நம்பிக்கை. இந்த ஒரு நம்பிக்கையே அவர் வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்ட ஊன்றுகோல்.

முதல் இழப்புகள்

1597இல் கெப்ளர் பார்பரா என்னும் கைம்பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதங்களில் இறந்தது. 1599இல் பெண் குழந்தை பிறந்தது. அதுவும் சில வாரங்களே உயிரோடு இருந்தது. அக்காலத்தில் கிராட்ஸ் நகரை ஆண்ட இளவரசர் பெர்டினாண்ட், கத்தோலிக்க சமயத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லை என்று ஆணையிட்டிருந்தார். 1598இல் லூத்தரன் ஆசிரியர்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். கெப்ளருக்கு மட்டும் திரும்பி வர இசைவு கிடைத்தது. ஆனால் இறந்த பெண் குழந்தையைத் தம் சமய முறைப்படி அடக்கம் செய்ததற்காக அவர் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. குழந்தையைப் பறிகொடுத்த தந்தைக்கு அபராதம்! இறுதியில் 1600ஆம் ஆண்டு, சமயம் மாறு அல்லது நாட்டை விட்டுப் போ என்ற நிலை வந்தது. கெப்ளர் வீட்டையும் வேலையையும் விட்டார், மனச்சான்றை விடவில்லை.

எட்டுக் கலையின் பாடம்

அவருக்குப் புகலிடம் தந்தது பிராக் நகரம். அங்கே டைக்கோ பிராஹே என்னும் டென்மார்க் நாட்டு வானவியலார் பேரரசர் இரண்டாம் ருடால்பின் ஆதரவில் இருந்தார். தொலைநோக்கி இல்லாத அந்தக் காலத்தில் வெறுங்கண்ணால், பெரிய அளவுகருவிகளைக் கொண்டு, அவர் ஆண்டுக்கணக்கில் கோள்களின் இடங்களைக் குறித்து வைத்திருந்தார். பார்வை மங்கிய கெப்ளருக்குக் கிடைத்த கண்கள் டைக்கோவின் குறிப்புகளே. 1601இல் டைக்கோ இறந்தார். கெப்ளர் அரசவைக் கணிதரானார்.

செவ்வாய்க் கோளின் பாதையைக் கணிக்கும் பணி அவர் கையில் இருந்தது. அக்காலத்தில் கணிப்பான் கிடையாது, மடக்கை அட்டவணைகூட இன்னும் வரவில்லை. பக்கம் பக்கமாகக் கைக்கணக்கு. ஒரு கணக்கை எழுபது முறையாவது திரும்பத் திரும்பப் போட்டார். கடைசியில் வட்டப் பாதையை அடிப்படையாகக் கொண்ட ஒரு கொள்கை டைக்கோவின் அளவுகளோடு ஏறக்குறையப் பொருந்தியது. வேறுபாடு அதிகபட்சம் எட்டுக் கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை; முழு நிலவின் அகலம் ஏறத்தாழ முப்பது கலை. அதாவது நிலவின் அகலத்தில் கால் பங்குதான் பிழை. ஆய்வகத்தில் இவ்வளவு நெருங்கி வந்தால் நம்மில் எத்தனை பேர் பதிவேட்டை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்போம்!

கெப்ளர் மூடவில்லை. டைக்கோவைப் போன்ற துல்லியமான ஆய்வாளரைக் கடவுள் தமக்குக் கொடையாகத் தந்திருக்கும்போது, அந்த எட்டுக் கலையைப் புறக்கணிப்பது நன்றி கெட்ட செயல் என்று அவர் கருதினார். ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய கொள்கையைத் தாமே இடித்துவிட்டார். பின்னும் உழைத்து, செவ்வாயின் பாதை வட்டமன்று, நீள்வட்டம் என்று கண்டார். அந்த நீள்வட்டத்தின் குற்றச்சு நெட்டச்சைவிட அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே குட்டையானது. அவ்வளவு சிறிய வேறுபாட்டில் ஒளிந்திருந்த உண்மையை எட்டுக் கலை காட்டிக் கொடுத்தது. முதலிரண்டு விதிகளும் அடங்கிய புதிய வானவியல் என்ற அவரது நூல் 1609இல் வெளிவந்தது.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். கடவுள் நம்பிக்கை உள்ளவன் தனக்குப் பிடித்ததை உண்மை என்று சாதிப்பான் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே நம்பிக்கையே ஒருவரைத் தம் கருத்தைக் கைவிடச் செய்திருக்கிறது. உலகம் கடவுளுடையது, ஆகவே அது என் விருப்பப்படி இருக்க வேண்டியதில்லை, அது இருக்கிறபடியே நான் அறிய வேண்டும். இந்தப் பணிவுதான் அவருடைய பக்தி. அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. கோள்களின் தொலைவுகளை ஐந்து சீர் திண்மங்களோடு பொருத்தி இளமையில் அவர் சொன்ன கருத்து தவறானது. அதன்மேல் அவருக்கிருந்த பற்று கடைசி வரை போகவும் இல்லை. ஆனால் அளவு ஒன்று சொல்லி ஆசை வேறொன்று சொன்னபோது, செவ்வாயைப் பொறுத்தவரை, அவர் அளவின் பக்கம் நின்றார்.

இருண்ட ஆண்டு

1611ஆம் ஆண்டு கெப்ளரின் வீட்டில் இடி விழுந்தது. மூன்று குழந்தைகளுக்கும் பெரியம்மை கண்டது. இருவர் பிழைத்தனர்; ஆறு வயது மகன் பிரீடரிக் பிப்ரவரியில் இறந்தான். பிராக் நகரத் தெருக்களில் அப்போது படைகள் மோதிக்கொண்டிருந்தன. பேரரசர் ருடால்ப் ஆட்சியை இழந்தார். மகனை இழந்த துயரிலிருந்து மீளாத பார்பரா, போர்வீரர்கள் கொண்டுவந்த தொற்றுக்காய்ச்சல் கண்டு ஜூலையில் கண்மூடினார். ஓராண்டுக்குள் மகன் போனான், மனைவி போனார், ஆதரித்த அரசரின் அரியணையும் போயிற்று.

1612இல் எஞ்சிய குழந்தைகளோடு லின்ஸ் நகரம் சென்றார். அங்கே லூத்தரன் சபை இருந்தது. தம் மக்கள் நடுவில் ஆறுதல் கிடைக்கும் என்று போனவருக்கு அங்கே காத்திருந்தது இன்னொரு அடி. சபையின் கொள்கை அறிக்கை முழுவதற்கும் தடையின்றிக் கையெழுத்திட வேண்டும் என்று போதகர் கேட்டார். அதில் கிறிஸ்துவின் உடல் எங்கும் நிறைந்திருக்கிறது என்னும் ஒரு பகுதியைக் கெப்ளரின் மனம் ஏற்கவில்லை. மாற்றுக் கருத்துடைய கிறித்தவர்களைக் கண்டனம் செய்யவும் அவர் விரும்பவில்லை. ஆகவே அவருக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது.

கிறித்தவர் அல்லாத நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆலயத்தில் அப்பமும் திராட்சை இரசமும் பகிர்ந்து உண்ணும் வழிபாடே திருவிருந்து. ஒரே குடும்பம் என்பதற்கு அது அடையாளம். அதிலிருந்து ஒருவரை விலக்குவது, வீட்டுப் பந்தியிலிருந்து எழுப்பி விடுவது போன்றது. கத்தோலிக்கர் ஆகாததால் கிராட்ஸை இழந்தவர், முழு லூத்தரன் இல்லை என்று லின்ஸில் பந்தியை இழந்தார். அவர் மேல்முறையீடுகள் செய்தார், ஒன்றும் பலிக்கவில்லை. 1619இல் அவருடைய பழைய பல்கலைக்கழகத்து இறையியலாரே அந்த விலக்கத்தை உறுதி செய்தனர்.

இவ்வளவு அவமானத்துக்குப் பின் அவர் சமயத்தையே உதறியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? அவர் உதறவில்லை. 1617இல் தம் குழந்தைகளுக்காகவும் வீட்டாருக்காகவும் திருவிருந்தின் பொருளை விளக்கி ஜெர்மன் மொழியில் ஒரு சிறு நூலை எழுதினார். தாம் அமர முடியாத பந்தியின் பெருமையைத் தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்! சில மனிதர்கள் கதவை அடைத்ததால் கடவுள் உள்ளே இல்லை என்று அவர் முடிவு செய்யவில்லை.

1618

1613இல் கெப்ளர் சூசன்னா என்னும் பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். இந்த மணத்தில் பிறந்த முதல் குழந்தை 1617இல் இறந்தது. அதே ஆண்டு, பார்பராவின் முதல் மணத்து மகளும் கெப்ளர் பாசத்தோடு வளர்த்தவளுமான ரெஜினா இறந்தாள். 1618 பிப்ரவரி 9ஆம் நாள் கைக்குழந்தை காத்தரினா இறந்தாள். ஓராண்டுக்குள் மூன்று சாவு. அதுவரை அவர் பறிகொடுத்த சொந்தக் குழந்தைகள் ஐவர்.

அப்போது அவர் செய்துகொண்டிருந்த பணி கோள்களின் அட்டவணைகளைத் தயாரிப்பது. வரிசை வரிசையான எண்கள். அதற்குரிய அமைதி மனத்தில் இல்லை. ஆகவே அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நெடுங்காலமாக எண்ணியிருந்த உலகின் இசைவு என்னும் நூலைக் கையில் எடுத்தார். படைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு, இசையைப் போன்ற பொருத்தம் உண்டு என்று காட்டுவதே அந்நூலின் நோக்கம். தம் வீட்டில் எல்லாம் சிதறிக் கிடந்த வேளையில் அவர் தேடியது அந்த ஒழுங்கைத்தான்.

மார்ச் 8ஆம் நாள், குழந்தை இறந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சுற்றுக் காலத்துக்கும் தொலைவுக்கும் உள்ள உறவு அவர் மனத்தில் தோன்றியது. கணக்கிட்டுப் பார்த்தார், கணக்கில் பிழை செய்துவிட்டார், தவறு என்று தள்ளிவிட்டார். மே 15ஆம் நாள் மறுபடியும் அதே எண்ணம் வந்தது. மறுபடியும் கணக்கிட்டார். இம்முறை பொருந்தியது. செவ்வாயின் தொலைவு பூமியின் தொலைவைப்போல் 1.524 மடங்கு. அதன் மும்மடி 3.54, அதன் வர்க்கமூலம் 1.88. செவ்வாய் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 1.88 ஆண்டுகள்! வியாழனின் தொலைவு 5.20 மடங்கு. மும்மடி 140.6, வர்க்கமூலம் 11.86. வியாழனின் சுற்றுக் காலமும் ஏறத்தாழ 11.86 ஆண்டுகளே. எந்தக் கோளை எடுத்தாலும் இந்த விதி பிறழ்வதில்லை. நியூட்டன் பிற்காலத்தில் ஈர்ப்பு விதியை நிறுவ இது அடித்தளமாயிற்று.

நூலை மே 27ஆம் நாள் எழுதி முடித்தார். அதற்கு நான்கு நாள் முன்பு, மே 23இல், பிராக் அரண்மனைச் சாளரத்திலிருந்து பேரரசரின் அதிகாரிகள் வெளியே தள்ளப்பட்டனர். முப்பதாண்டுப் போர் மூண்டது. அந்த நேரத்தில் உலகின் இசைவைப் பற்றிய நூலைக் கெப்ளர் படைத்தவருக்கு நன்றி கூறும் ஒரு ஜெபத்தோடு முடித்தார். அந்த நூலில் அவர் கூறும் கோள்களின் இசையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் அதற்குள் கிடந்த மூன்றாம் விதி அறிவியல் உள்ளவரை நிற்கும்.

தாய்க்காக

1615இலேயே இன்னொரு துன்பம் தொடங்கியிருந்தது. கெப்ளரின் தாய் கொடுத்த பானத்தைக் குடித்து நோயுற்றதாக ஒரு பெண் குற்றம் சாட்டினாள். தாய்க்குச் சூனியக்காரி என்று பெயர் சூட்டப்பட்டது. அக்காலத்தில் அப்பெயர் பெற்றவர்களுக்குச் சித்திரவதையும் தீயுமே முடிவு. 1620 ஆகஸ்டில், எழுபது வயது கடந்த அந்த மூதாட்டியை மகளின் வீட்டிலிருந்து பிடித்துச் சென்றனர். பதினான்கு மாதச் சிறை. சங்கிலியால் பிணைத்து வைத்தனர்.

கெப்ளர் தம் பணிகளை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு தென்ஜெர்மனி சென்றார். சாட்சியங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நோய்களுக்கு இயற்கையான காரணங்கள் உண்டென்று காட்டினார். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்படுவதை எடுத்துக்காட்டினார். செவ்வாயின் பாதையில் எட்டுக் கலையைக் கண்டவர், பொய்க் குற்றச்சாட்டில் ஓட்டைகளைக் காணாமல் விடுவாரா? ஆயினும் 1621 செப்டம்பரில், சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டி உண்மையைக் கேட்பது என்று தீர்ப்பாயிற்று. கருவிகளின் எதிரே நின்ற அந்தத் தாய் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்தார். முழந்தாளிட்டுக் கர்த்தரின் ஜெபத்தைச் சொன்னார். அக்டோபரில் விடுதலை பெற்றார். ஆறு மாதத்தில், 1622 ஏப்ரலில், இறந்தார். வால்மீனைக் காட்டிய தாயை மகன் நெருப்பிலிருந்து காத்துவிட்டார். ஆனால் நீண்ட நாள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

கடைசிப் பயணம்

1623இல் மகன் சேபால்டும் இறந்தான். 1626இல் லின்ஸ் நகரம் முற்றுகையிடப்பட்டது. அட்டவணைகள் அச்சாகிக்கொண்டிருந்த அச்சகம் எரிந்தது. கையெழுத்துப் படி மட்டும் தப்பியது. அதை எடுத்துக்கொண்டு உல்ம் நகரம் சென்று, 1627இல் ருடால்ப் அட்டவணைகள் என்ற பெயரில் வெளியிட்டார். துயரத்தில் ஒதுக்கி வைத்த வேலைக்குத் திரும்பி வந்து, அதையும் முடித்தார்.

1630இல், தமக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டுப் பெறலாம் என்று குளிர்காலத் தொடக்கத்தில் குதிரையேறி ரீகன்ஸ்பர்க் நகரம் போனார். அரசு அவருக்குத் தர வேண்டிய ஊதிய நிலுவை 12,000 கில்டருக்கும் மேல். போன இடத்தில் காய்ச்சல் கண்டது. நவம்பர் 15ஆம் நாள், ஐம்பத்தெட்டு வயதில், இறந்தார். அந்த இறுதி நாள்களில் எதன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று கேட்கப்பட்டபோது, இயேசு கிறிஸ்து ஒருவர்மேல்தான் என்று உறுதியாகச் சொன்னதாக அக்காலத்தவர் எழுதியுள்ளனர். அவர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் சில ஆண்டுகளில் போரில் அழிந்தது. இன்று அவருடைய கல்லறை எது என்று காட்ட முடியாது.

அவர் இறந்து ஓராண்டு ஆகும் முன்பே ஒன்று நடந்தது. 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் கோள் கதிரவனின் முகத்தைக் கடக்கும் என்று அவர் முன்பே கணித்து வெளியிட்டிருந்தார். அந்நாளில் பாரிஸ் நகரில் கசெண்டி என்னும் அறிஞர் காத்திருந்தார். கதிரவனின் பிம்பத்தில் ஒரு சிறு கரும்புள்ளி நகர்ந்து சென்றது. கணக்குப் போட்டவர் மண்ணுக்குள் இருந்தார்; கணக்கு வானத்தில் நடந்தது.

நான் கண்டது

நண்பர்களே, படித்து முடித்த பின் என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று சொன்னால் அது பொய். குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள் என்று கெப்ளருக்கும் தெரிந்திருக்காது. அவருடைய ஜெபங்கள் பிரீடரிக்கைக் காக்கவில்லை, காத்தரினாவைக் காக்கவில்லை. பக்தியால் அவருக்குப் பணம் வரவில்லை, பதவி நிலைக்கவில்லை, சபையில் இடம்கூடக் கிடைக்கவில்லை. நம்பிக்கை துன்பத்தைத் தடுக்கும் கவசம் என்று எண்ணியிருந்தேன், அது கவசமன்று.

பின் எது? மார்ச் 8இல் தவறிப்போன கணக்கை மே 15இல் மறுபடியும் போட வைத்தது எதுவோ அதுதான். தன் வீட்டில் ஒழுங்கு குலைந்தாலும் உலகத்தில் ஒழுங்கு உண்டு. அதை ஆக்கியவர் நல்லவர். ஆகவே இன்றைய வேலையை இன்று செய்யலாம் என்ற எண்ணம். அழுதுகொண்டேயும் செய்யலாம். கெப்ளர் துக்கத்தை மறந்து கணக்குப் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. துக்கத்தைச் சுமந்துகொண்டே கணக்குப் போட்டார்.

இதை உணர்ந்தபோதுதான் நான்காம் நாள் சுளகை எடுத்த என் அம்மா எனக்குப் புரிந்தார்கள். அவர்கள் தம்பியை மறந்துவிடவில்லை. வாரக் கணக்குக்குப் பீடி கொடுக்க வேண்டும்; நான் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். கை இலையைச் சுருட்டியது, வாய் ஜெபித்தது, கண் என்ன செய்தது என்று நான் அன்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டேன். கெப்ளர் யார் என்று என் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அவரைத் தாங்கியது எதுவோ, அதுவே எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இருந்திருக்கிறது. அந்தத் திண்ணையில்தான் நான் இந்தக் கல்லூரிக்கு வரும் வழி சுருட்டப்பட்டது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இரவு ஜெபத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வாயில் சொற்கள் வரவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் அம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார்கள். இனி மூன்றாம் விதியைத் தேர்வில் எழுதும்போது அது எனக்கு வெறும் ஐந்து மதிப்பெண்ணாக இராது.